அந்தப் பக்கத்து விரல்

அத்தியாயம் 17

எல்லாம் ஒரு இஸ்திரிப் பெட்டியால் வந்தது.

ஸ்வர்ணலதாவைக் கேட்டால் நேரம் சரியில்லை என்பாள். அவள் தம்பி முத்துகிருஷ்ணனோ, நேரம் பார்த்துச் செய்ததில் என்ன குற்றம் என்பான். இரண்டு பேர் பேச்சையும் தள்ளுங்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அடையாறு காந்தி நகரில் தன் பட்டறைத் தரையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, இஸ்திரி போட உட்கார்ந்தாளே லதா, அங்கேதான் ஆரம்பம்.

அதற்கு முன் போன வாரத்தை ஒரு முறை புரட்டிவிடுவோம். வாரத்துக்கு ஏழு நாள், வீட்டில் ஆயிரம் வேலை, மறந்திருந்தால் தப்பில்லை.

லதாவின் அப்பா சண்முகசுந்தரத்துக்குத் தொண்டையில் புற்று. ஏழு மாதத்துக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. தி. நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அளவில் அவருக்கு ஒரு கடை. ஸ்வர்ணலதா மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி வெட்டித் தருவார்கள். மகள் பிறந்த மாதம் திறந்த கடை, அதனால் மகள் பெயர். இரண்டு பேருக்கும் முப்பத்து மூன்று வயசு. குரல் போனபிறகும் அவர் தினமும் பதினொரு மணிக்குக் கடைக்குப் போய்விடுவார். நிறம் பார்க்கக் கண் போதுமே. அந்த ஒரு இடத்தில்தான் அவர் பழைய சண்முகசுந்தரமாக இருந்தார்.

அந்தக் கடையை விட்டுவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை, கே.கே. நகர் வீட்டில், சாப்பாட்டு நேரத்தில் முத்து சொன்னான். கட்டடத்துக்காரர் சுப்புராயன் இடத்தைக் கேட்கிறார், வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வருவார், கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அம்மா பேச்சியம்மாள் ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.  சண்முகசுந்தரம் தன் மணிக்கட்டில் இருந்த துணிப்பட்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு லதாவைக் காட்டினார். அவளிடம் கேட்டுத்தான் போடுவேன் என்று அர்த்தம்.

லதா அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்பா. அன்னைக்கு ரெண்டு மணிக்குக் கேளுங்க” என்று சோற்றைப் பிசைந்தாள்.

இனி அந்தப் பட்டை. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு லதா வைத்த பெயர் கிச்சுக்கிச்சு. மணிக்கட்டில் கட்டிக்கொள்வது, ஜோடியாகத்தான் வரும். ஒருவர் தன் பட்டையை விரலால் தட்டினால், ஊரின் எந்த மூலையில் இருந்தாலும் மற்றவர் கையில் இருக்கிற பட்டை அதே மாதிரி துடிக்கும். துணிக்குள் தைத்த இழையில் வெளிச்சம் ஓடும். உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மோட்டார், மின்சாரம் ஓடுகிற வெள்ளி நூல், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிற போன் வழியாகத் தட்டு போய்ச் சேரும். எழுத்து வராது, குரல் வராது. பேசாமலே விளையாட ஒரு பொருள் செய்யவேண்டும் என்று லதாவும் அவள் கூட்டாளி தஹ்சீனும் மூன்று வருஷமாக மாரடிக்கிறார்கள். துணி வேலை லதா, மின் வேலை தஹ்சீன். துடிப்பு பலமாக இருந்தால் போன் அடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது, குறைத்தால் தெரியவே மாட்டேன் என்கிறது; அதைச் சரி செய்யவே ஒரு வருஷம் போயிற்று.

முதல் ஜோடி போனது ஆஸ்பத்திரிக்குத்தான். ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள், அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுதிக் காட்டச் சிலேட்டு கொடுத்தார்கள், தள்ளிவிட்டார். “வாங்கம்மா, எந்தப் புடவைக்கு” என்று சந்து முழுக்கக் கேட்கக் கூப்பிட்ட மனுஷன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அலைவாரா? லதா ஒரு பட்டையை அவர் கையில் கட்டினாள். மற்றதைத் தன் கையில் கட்டிக்கொண்டு வராந்தாவில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டு.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது கடைத் தட்டு.

மேட்சிங் கடையில் வெட்டின துணி வெட்டினதுதான், திரும்ப வாங்க மாட்டார்கள். அதனால் சண்முகசுந்தரம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கத்திரியை எடுக்குமுன் மீட்டர் கோலால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார்: வெட்டலாமா? எதிர்ப்பக்கம் துணியைப் பிடித்து நிற்கிறவர் நிறத்தையும் அளவையும் இன்னொரு தரம் பார்த்துவிட்டு ஒரு தட்டுத் தட்டவேண்டும்: வெட்டு. சந்தேகம் இருந்தால் உள்ளங்கையை மேஜைமேல் அழுத்தி வைக்கவேண்டும்: பொறு. பட்டுத் துணி என்றால் இரண்டு தடவை கேட்பார். அவர் கேட்காமல் வெட்டி யாரும் பார்த்ததில்லை. ஐந்து வயசில் அந்த மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பெரிய மனுஷி மாதிரி பதில் தட்டினவள் லதா.

வராந்தாவில் நின்று ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே அப்பா சத்தமில்லாமல் சிரித்தார். ஆறு நாளில் முதல் சிரிப்பு. லதா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பக்கம் எப்பவும் நான்தான்பா இருப்பேன். நீங்க எப்பத் தட்டினாலும்” என்றாள். கேட்டீர்களா, எப்பவும் என்றாள்.

இப்போது இஸ்திரிப் பெட்டிக்கு வருகிறேன்.

அன்று பன்னிரண்டு மணிக்கு ஜெயஸ்ரீ வருவதாக இருந்தது. மயிலாப்பூர்க்காரர், ஊரில் எட்டு இடத்தில் பொம்மைக் கடை. அவருக்குப் பிடித்துவிட்டால் தீபாவளிக்கு ஐந்நூறு ஜோடி. பிடிக்காவிட்டால் தஹ்சீன் வேறு வேலை தேடிக்கொள்வாள், பட்டறைக்குப் பூட்டு. அவரிடம் காட்டவென்று தைத்த புது ஜோடி பையில் கிடந்து கசங்கியிருந்தது. கசங்கின துணியை வாடிக்கையாளர் முன்னால் போடுவது சண்முகசுந்தரம் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஒரு முழம் லைனிங் துணியாக இருந்தாலும் இஸ்திரி போட்டு, நீவி, அப்புறம்தான் விரிப்பார்கள். மகளுக்கு அது கையிலேயே இருந்தது. மூளையைக் கேட்காமல் கை செய்துவிட்டது.

சூட்டில் உள்ளே பசை உருகி, மோட்டார் இறுகிச் செத்தது. செத்தது தெரிந்ததோ ஜெயஸ்ரீயின் கையில் கட்டினபிறகு, பன்னிரண்டே காலுக்கு.

தஹ்சீன் லதாவை ஜன்னலோரம் இழுத்தாள். “இஸ்திரி போட்டியா?”

“கசங்கியிருந்துச்சு.”

“உள்ள மோட்டார் இருக்கு லதா. அது ரவிக்கைத் துணி இல்ல.”

ஜெயஸ்ரீ நல்ல மாதிரி. ஐம்பது வயசு, நெற்றியில் சின்னக் குங்குமம், குழந்தை மாதிரி எதையும் தொட்டுப் பார்க்கிற ஆசை. “அவசரமில்லை, சரி பண்ணுங்கோ. ஒண்ணேகாலுக்கு நான் கிளம்பியாகணும், அதுக்குள்ள காமிச்சாப் போறும்” என்றார்.

சரி செய்ய இரண்டு மணி நேரம் ஆகும் என்று தஹ்சீன் கண்ணால் சொன்னாள்.

லதா தன் கையைப் பார்த்தாள். வெளுத்துப்போன நீலப் பட்டை, ஓரத்தில் ரவிக்கைக் கொக்கி. அதன் ஜோடி தி. நகரில் அப்பாவின் கையில். அப்பா கேட்கப்போவது இரண்டு மணிக்கு. இப்போது பன்னிரண்டு இருபது. பத்தே நிமிஷம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கொக்கியைக் கழற்றினாள்.

கடையில் துணி மடிக்கிற வேலம்மாவுக்கு ஒரு போன் போட்டு, “பட்டை கொஞ்ச நேரம் வேற ஒருத்தங்க கையில இருக்கு, அப்பாகிட்ட சொல்லிடு” என்று சொல்ல அரை நிமிஷம் ஆகாது. அவளுக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. நடுவில் போன் பேசினால் ஜெயஸ்ரீக்குச் சலித்துவிடும் என்று விட்டுவிட்டாள். நம்மிடம் மறைப்பானேன்?

“இது ஏழு மாசமா உழைச்ச ஜோடி மேடம். இன்னொண்ணு எங்கப்பா கையில, தி. நகர்ல” என்று சொல்லி அவர் கையில் கட்டினாள். கட்டிவிட்டு, சரக்கு விற்கிற வேகத்தில், கடைத் தட்டுக் கதை முழுவதையும் சொன்னாள். இரண்டு தட்டினால் என்ன, ஒன்று தட்டினால் என்ன, பட்டுக்கு ஏன் இரண்டு தடவை, எல்லாம். அப்பாவும் அவளும் மட்டும் வைத்திருந்ததை அப்படியே எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

ஜெயஸ்ரீ உருகிவிட்டார். “ரெண்டு தட்டினா வெட்டலாமா, ஒண்ணு தட்டினா வெட்டு. இந்தக் கதையை டப்பா மேலேயே போட்டுடலாம்.” பிறகு பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “ஆமா, அந்தப் பக்கம் யார் தட்டறான்னு இதுல தெரியுமோ?” என்று கேட்டார்.

தஹ்சீன் லதாவைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் அவள் கேட்ட கேள்வி அது. விரலை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சின்னத் தகடு வைக்கலாம் என்றுகூடச் சொன்னாள். போனுக்குப் பூட்டு போடுகிற மாதிரி இருக்கிறது, விளையாட்டுக்குப் பூட்டு எதற்கு என்று லதாதான் வேண்டாம் என்றாள்.

“பழகிட்டா தெரிஞ்சிடும் மேடம்” என்றாள் இப்போது. தெரியாது. அது அவளுக்கே அன்று மத்தியானம் புரிந்தது.

குழந்தைகள் அளவுப் பட்டைகளைப் பார்க்கவேண்டும் என்றார் ஜெயஸ்ரீ. அந்தப் பெட்டி உள்ளறைப் பரணில் இருந்தது. தஹ்சீன் செத்த மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்ததால் லதாதான் போய் நாற்காலி போட்டு ஏறினாள். பெட்டிமேல் இன்னொரு பெட்டி, அதன்மேல் பழைய துணி மூட்டை. இறக்கி, தூசி தட்டி, அவள் வெளியே வந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது.

ஜெயஸ்ரீயின் முகம் பூரித்திருந்தது. “உங்கப்பா ரொம்ப சமத்து. நீங்க உள்ள போன கொஞ்ச நேரத்துல ரெண்டு தட்டினார். நான் ஒண்ணு தட்டினேன். சித்த சும்மா இருந்துட்டு மறுபடி ரெண்டு. விடுவேனா, நானும் டக்குனு ஒண்ணு. அப்புறம் சத்தமே காணும். தோத்துப் போயிட்டாரோ என்னவோ.”

லதா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அப்பா விளையாட்டுக்கு இரண்டு தடவை கேட்கிறவர் இல்லை. ஆனால் சுப்புராயன் வருவது இரண்டு மணிக்கல்லவா, இப்போது என்ன கேட்டிருக்கப்போகிறார், காபியாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மத்தியானம் சோற்று வேளையில் அப்பா காபி குடிக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

பட்டையைக் கழற்றிக் கொடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஜெயஸ்ரீ கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, ஐந்நூறு என்று எழுதி, “கலர் சொல்லட்டுமா?” என்றார். லதா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தாள். இருபது நிமிஷம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெயஸ்ரீ போனதும் தஹ்சீன் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “வந்துடுச்சு லதா. ஐந்நூறு.” லதா ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டே மறு கையால், ஜெயஸ்ரீ கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பட்டையை அழுத்தினாள். பதில் இல்லை. மறுபடியும் அழுத்தினாள். பிறகுதான் சத்தத்தை அடக்கிப் பைக்குள் போட்டிருந்த போனை எடுத்தாள்.

முத்து பதினொரு தடவை கூப்பிட்டிருந்தான். கீழே மூன்று செய்தி.

பன்னிரண்டு ஐந்துக்கு: “அக்கா, ரெண்டு மணி ராகு காலத்துல வருது, இப்பதான் காலண்டர் பாத்தேன். அவரை ஒரு மணிக்கு முன்னாடியே வரச் சொல்லிட்டேன். போனை எடு.”

பன்னிரண்டு நாற்பதுக்கு: “அப்பா பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு உன்னைக் கேக்கறார்.”

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு: “போட்டுட்டார். தேங்க்ஸ்க்கா. நீ ஒத்துப்பன்னு நான் நினைக்கவே இல்ல.”

லதா அந்த மூன்றாவது செய்தியைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலையில் விரித்த போர்வை இன்னும் அங்கேயே கிடந்தது.

“என்னாச்சு?” என்றாள் தஹ்சீன்.

“யார் தட்டறாங்கன்னு தெரியணும்னு நீ சொன்ன. நான்தான் கேக்கல” என்றாள் லதா.

அடையாற்றிலிருந்து தி. நகருக்கு ஆட்டோவில் முப்பது நிமிஷம். ஆவணி முகூர்த்தக் கூட்டம், சைதாப்பேட்டையிலேயே வண்டிகள் நின்றுவிட்டன. லதா வழி முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். பட்டை அவள் கையிலேயே இருந்திருந்தால் என்ன தட்டியிருப்பாள்? உள்ளங்கையை வைத்துப் பொறு என்றுதான் சொல்லியிருப்பாள். பொறுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பொறு என்று சொல்லியிருப்பாள். அதைச் சொல்லத்தான் அவள் அந்தப் பக்கம் இருக்கவேண்டியிருந்தது.

கிட்டத்தட்ட மூன்று மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது கடைப் படியில் வேலம்மா உட்கார்ந்திருந்தாள். ஊரூர் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பதினெட்டு வருஷமாக இந்தக் கடையில் துணி மடிக்கிறவள். டப்பாவில் மீன் குழம்புச் சோறு திறக்காமல் மடியில் இருந்தது.

“வா பாப்பா” என்றாள். எழுந்திருக்கவில்லை. “ஒன்னிய ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. இன்னா அவசரம் உனுக்கு? மொதலாளி ரெண்டு வாட்டி கேட்டாரு, நான் பாத்துக்கினுதான் கீறேன். கைய எடுக்கல, அதுக்குள்ள பதிலு வந்துடுச்சி. ஒரு நிமிசம் யோசிக்கக்கூடாதா?”

“வேலம்மாக்கா, அது—”

“என் வேலை போவுதுன்னு சொல்லல பாப்பா. எங்கனா ஒரு கடையில நின்னுக்குவேன். அவர் மொகத்த நீ பாக்கல.”

உள்ளே முத்து கல்லாவில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த விதத்தில் ஒரு நன்றி இருந்தது. சின்ன வயசில் அவள் மிட்டாயைப் பாதி கடித்துக் கொடுத்தால் இப்படித்தான் பிடிப்பான். “சுப்புராயன் சார் கையெழுத்தைப் பாத்துட்டுப் போயிட்டார்க்கா. அவர் பையன் திங்கட்கிழமை பெங்களூர்லேர்ந்து வரானாம். அவனும் கையெழுத்துப் போட்டதும் கடிதத்தை வாங்கிக்கறேன்னு சொன்னார். அதுவரைக்கும் சாமிகிட்ட இருக்கட்டும்னு வெச்சிருக்கு.”

முருகன் படத்துக்குக் கீழே, விபூதித் தட்டின் அடியில், மடித்த காகிதம் ஒன்று தெரிந்தது.

சண்முகசுந்தரம் வெட்டுமேஜைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து துண்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்காகப் போட்ட கழுத்துத் துளைக்குமேல் வேலம்மா தைத்துக் கொடுத்த வெள்ளை மல் துணி. மகளைப் பார்த்துச் சிரித்தார். வாசலில் ஏறுகிற வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. 

“அப்பா” என்றாள். “அது நான் இல்லப்பா.”

அவர் கை நின்றது.

“பட்டையை ஒருத்தங்ககிட்ட காட்டறதுக்குக் கொடுத்திருந்தேன். புது ஜோடி கெட்டுப் போச்சு, நான்தான் இஸ்திரி போட்டுக் கெடுத்தேன். நீங்க ரெண்டு மணிக்குத்தானே கேப்பீங்கன்னு நெனச்சேன். நான் உள்ள போயிருந்தப்ப அவங்க தட்டிட்டாங்க. ரெண்டு தடவையும் அவங்கதான்.”

“விளையாடாதக்கா” என்றான் முத்து.

“விளையாடல.”

முத்துவின் முகம் சுருங்கியது. அவள் கையை விட்டான். “அப்ப என்ன, இப்ப இல்லைங்கறியா? மாசத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போற. ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தா பெரிய விஷயம் இந்தக் கடைக்கு, எல்லாரும் தைச்ச ரவிக்கையா வாங்கிக்கறாங்க. பதினெட்டு வயசுல என்னை இங்க உக்கார வெச்சார். நீ படிக்கப் போன. அப்ப யாரும் என்கிட்ட ரெண்டு தட்டுத் தட்டிக் கேக்கல.”

 அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. மேஜைக்குப் பின்னால் அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்தபடியே பில் புத்தகத்தை இழுத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ஏழு மாதமாகக் கையெழுத்தைத் தவிர ஒரு எழுத்து எழுதாதவர், எழுதினார். வேலம்மா படியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். எழுதி முடித்து, தாளைக் கிழித்து, வாடிக்கையாளரிடம் பில் நீட்டுகிற மாதிரி லதாவிடம் நீட்டினார்.

‘நீ பொறுன்னு சொல்லுவன்னு நெனச்சேன். உடனே வெட்டுன்னு வந்துது. மறுபடி கேட்டேன். அதுக்கும் உடனே வந்துது. சரி, பிள்ளைக்கு இதுல ஒண்ணும் இல்லபோலன்னு போட்டுட்டேன்.’

லதா அதை இரண்டு தடவை படித்தாள். கடை போனதைவிட இதுதான் அவளைக் கொன்றது. இரண்டு மணி நேரமாக, அவள் பெயர் எழுதின பலகையின் கீழே உட்கார்ந்துகொண்டு, மகளுக்கு ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட மனசில்லை என்று இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாய்விட்டு ஒருவரிடம் சொல்ல வழியில்லாமல் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“தப்பு என்னுதுதான்பா” என்றாள். “எப்பவும் நான்தான் இருப்பேன்னு சொன்னேன். இல்லாமப் போயிட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, விடு என்றா, தெரியவில்லை. பிறகு இடது மணிக்கட்டைத் திருப்பி, கொக்கியை விடுவித்து, பட்டையைக் கழற்றினார். ஆஸ்பத்திரியில் கட்டினதிலிருந்து குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றின பட்டை. அதை மேஜைமேல் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் ஒரு தரம் நீவி, மகள் பக்கம் தள்ளிவைத்தார்.

அப்போது பார்த்துத்தானா லதாவின் போன் அடிக்கவேண்டும்? தஹ்சீன். எடுத்துக் காதில் வைத்தாள்.

“லதா, ஜெயஸ்ரீ மேடம் கூப்பிட்டாங்க. ஒண்ணு கேக்கறாங்க. உங்கப்பா அந்த ரெண்டு தட்டுத் தட்டறதை வீடியோ எடுக்கணுமாம். விளம்பரத்துக்கு. திங்கட்கிழமை அவங்களே கடைக்கு வர்றாங்களாம். சரின்னு சொல்லிடவா?”

லதா போனை வைத்தாள்.

வாசலில் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் பட்டுப் புடவைப் பெட்டி, பக்கத்தில் ஒரு பெண். “மாம்பழக் கலர், அரக்கு பார்டர். வர்ற புதன்கிழமை நிச்சயதார்த்தம். நாலு கடை ஏறி இறங்கிட்டோம், சேரவே மாட்டேங்குது” என்றார்.

சண்முகசுந்தரம் எழுந்தார். வேலை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். புடவை முந்தானையைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் இழுத்துப் பார்த்தார். அலமாரிப் பக்கம் திரும்பி, மூன்று சுருள்களைத் தொட்டு, மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை உருவினார். குழல் விளக்கில் நிறம் ஏமாற்றும் என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். அந்த அம்மாள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு, “அப்படியே இருக்குதுங்க” என்றார்.

உள்ளே வந்து துணியை மேஜையில் விரித்தார். நீவினார். மீட்டர் கோலை வைத்து அளந்தார்.

எதிர்ப்பக்கம் எப்போதும் நிற்கிற வேலம்மா, அன்று ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கண்ணால் லதாவைக் காட்டினாள். லதா அந்த இடத்தில் போய் நின்றாள். பட்டுத் துணி, இரண்டு தடவை கேட்பார். நிறத்தைப் பார்த்தாள், அளவைப் பார்த்தாள், அவசரப்படாமல் இன்னொரு தரம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. முருகன் படத்துக்குக் கீழே அந்தக் காகிதம் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. முத்து கல்லாவில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்முகசுந்தரம் மீட்டர் கோலைக் கையில் எடுத்தார். ஒரு நொடி பிடித்திருந்தார். பிறகு அதை மெதுவாக, சத்தம் வராமல், பக்கத்தில் படுக்க வைத்தார். கத்திரியை எடுத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நேராக வெட்டிவிட்டார்.

பதில் சொல்லத் தயாராக மேஜையில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள் லதா. கேள்வி வரவில்லை.